டிவியில் ஆப் திறக்க மறுக்கிறதா?

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குற்றாலத்துச் சாரல் அச்சன்புதூர்ப் பக்கமும் எட்டிப் பார்க்கும். காற்று வலுத்தால் கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் வந்ததும் டிவி உடனே இயங்கத் தொடங்கிவிடும். ரூட்டர் இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஓடிடி ஆப்பைத் திறந்தால் திரையில் வட்டம்தான் சுற்றும். கொஞ்சம் பொறுத்துத் திறப்பது நல்லது.

பலரும் பார்க்கத் தவறும் இடம், டிவியின் தேதியும் நேரமும். கடிகாரம் பழைய ஆண்டைக் காட்டினால், இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று கருதி ஆப் இணைய மறுக்கும். செட்டிங்ஸில் நேரத்தைத் தானியங்கி முறைக்கு மாற்றினால் போதும்.

ரிமோட்டில் அணைத்தால் டிவி ஸ்டாண்ட்பைக்குத்தான் போகும். பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகுவதே முழுமையான ரீஸ்டார்ட்.

இன்னும் சரியாகவில்லையா? செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்க்கலாம். அதில் ஓடினால் கோளாறு வீட்டு வைஃபையில். ஓடாவிட்டால் ஆப்பின் கேச்சை அழித்து, அப்டேட் செய்ய வேண்டும்.

டிவி மிகப் பழையதென்றால் கதை வேறு. 2010, 2011-ஆம் ஆண்டுகளின் சில சாம்சங் டிவிகளுக்கான ஆதரவை நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. அதற்காகப் புது டிவி வாங்க வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகினால் படம் ஓடும்.