செய்யூரில் ஓர் ஓவியக் கூடம்: மாற்றுத்திறனாளி கலைஞர்களுக்காகத் தொடங்குவது எப்படி?

செங்கல்பட்டு அருகே பாரதபுரத்தில் 2005-ல் பிந்து கலைப்பள்ளி தொடங்கியது. ஆஸ்திரிய ஓவியர் வெர்னர் டோர்னிக்கும் பத்மா வெங்கட்ராமனும் அதைத் தொடங்கினார்கள். தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் அங்கே தூரிகை பிடித்து ஓவியர்கள் ஆனார்கள். நம்ம மாவட்டத்தில் நடந்தது இது. செய்யூரிலும் முடியும்.

முதலில் என்ன செய்யணும்?

1. சங்கம்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் படி குறைந்தது 7 பேர் வேண்டும். கலைஞர்களையும் நிர்வாகக் குழுவில் சேருங்க. பதிவுத் துறையின் இணையதளத்தில் செல்போனிலேயே விவரங்களைப் பார்க்கலாம்.

2. நிறுவனச் சான்று: பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி தரும் நிறுவனத்துக்கு, 2016-ம் ஆண்டு உரிமைகள் சட்டப்படி தனிப் பதிவுச் சான்று தேவை. சங்கப் பதிவு மட்டும் போதாது. செங்கல்பட்டிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்க.

3. பணம் வாங்கும் முன்: சங்கத்தின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க, வருமான வரித் துறையில் அதற்கான பதிவு.

4. கலைஞர்களுக்கு: யூடிஐடி அட்டை இல்லாதவர்களுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க உதவுங்க.

ஓவியம் விற்ற காசு யாருக்கு?

ஒரு ஓவியம் 2,000 ரூபாய்க்கு விற்கிறது, கலருக்கும் ஃபிரேமுக்கும் 400 ரூபாய் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,600-ல் கலைஞருக்கு எவ்வளவு, கூடத்துக்கு எவ்வளவு? முதல் ஓவியம் விற்பதற்கு முன்பே எழுதி, எல்லாருக்கும் படித்துக் காட்டுங்க. கலைஞருக்குப் போவது உதவித்தொகை இல்லை, அவர் உழைப்பின் விலை. அது அவரது சொந்த வங்கிக் கணக்குக்கே போகணும். ஓவியத்தின் பதிப்புரிமையும் வரைந்தவருடையதே. வாழ்த்து அட்டையில் அச்சிட அவரது எழுத்து அனுமதி வாங்குங்க.

பொறுமையும் வேண்டும்

அமெரிக்காவின் ஓக்லாந்தில் 1974-ல் 'கிரியேட்டிவ் குரோத்' என்ற கூடம் தொடங்கியது. காது கேளாத, டவுன் சிண்ட்ரோம் உள்ள ஜூடித் ஸ்காட் 1987-ல் அங்கே வந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஓவியத்தில் அவருக்கு நாட்டமே இல்லை. யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. ஒருநாள் நூலும் துணியும் கைக்கு வந்தன. பொருள்களைச் சுற்றிச் சுற்றிக் கட்டிச் சிற்பம் செய்தார். இன்று அவை பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அதனால் கலர் மட்டும் வைக்காதீங்க. களிமண், நூல், பனையோலையும் வையுங்க. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து இடமும் பாருங்க. வாரம் இரண்டு நாளில் தொடங்கினாலும் போதும், சொன்ன நாளில் கதவு திறந்திருக்கணும்.