அம்மா கண்டுபிடித்த பிழை

பெங்களூரில் தமிழ் பேசும் உழைப்பாளர்கள் பலர் இருக்கிறார்கள். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு அக்காவும் அவர்களில் ஒருவர். ஒரு மென்பொருள் கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்கிறார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். அக்கா மட்டும் போகவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு ஜோடி தங்கத் தோடு.

"தம்பி, நாளைக்கு இதை அடகு வைக்கப் போகிறேன். மகள் 12ஆம் வகுப்பு முடித்துவிட்டாள். மென்பொருள் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். ஒரு பயிற்சி நிலையத்தில் 60,000 ரூபாய் கேட்கிறார்கள். முதலில் 20,000 கட்ட வேண்டும். ஆறு மாதத்தில் வேலை நிச்சயமாம்."

"எழுதிக் கொடுத்தார்களா, அக்கா?"

"வாயால்தான் சொன்னார்கள்."

எனக்குப் பகீர் என்றது. நானும் 12ஆம் வகுப்போடு நின்றவன்தான். இப்படி ஓர் இடத்தில் பணம் கட்டினேன். ரசீது வாங்கவில்லை. இரண்டாம் மாதம் போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது.

"அடகு வைக்க அவசரம் வேண்டாம், அக்கா. ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்து வாருங்கள்" என்றேன்.

மென்பொருள் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது. என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் வரிசையாக எழுதித் தர வேண்டும். அப்படி எழுதியதுதான் மென்பொருள். அதை எழுதக் கணினி மொழிகள் உண்டு. பைத்தான் அவற்றில் ஒன்று. அது 1991இல் வெளிவந்தது. அதைப் பயன்படுத்தக் கட்டணம் கிடையாது.

எங்கள் மையத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. மகள் அதில் உட்கார்ந்து பழகினாள். நான்காவது ஞாயிறு, அம்மாவின் சம்பளத்தைக் கணக்கிட ஆறு வரிகள் எழுதினாள். நாள் கூலி 450 ரூபாய். வேலை செய்தது 24 நாள். வாங்கிய முன்பணம் 1,000 ரூபாய். கம்ப்யூட்டர் 11,800 என்று காட்டியது.

அக்கா விரல் விட்டு எண்ணினார். பிறகு நோட்டில் போட்டுப் பார்த்தார்.

"தப்பு! 450ஐ 24ஆல் பெருக்கினால் 10,800. முன்பணத்தைக் கழித்தால் 9,800தான் வரும். இது கழிக்காமல் கூட்டிவிட்டது."

மகள் பார்த்தாள். கழித்தல் குறி வர வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இருந்தது. திருத்தினாள். சரியான விடை வந்தது.

"அக்கா, மென்பொருள் வேலையில் பாதி இதுதான். எழுதுவது, பிழையைத் தேடுவது, திருத்துவது. தையல் போல இதுவும் செய்து பழகும் தொழில்" என்றேன்.

பட்டம் இல்லாமல் வழி உண்டா?

உண்டு. ஆனால் சுலபம் இல்லை. பல பெரிய கம்பெனிகள் இன்றும் பட்டம் கேட்கின்றன. வேறு வழிகளும் இருக்கின்றன.

1. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள். பார்த்தும் கேட்டும் செய்து பழகலாம். இலவசம். தமிழிலும் கன்னடத்திலும் பல பாடங்கள் உள்ளன.

2. நவகுருகுல் அமைப்பு. இது 2016இல் தொடங்கியது. ஏழைக் குடும்பப் பெண்களைத் தங்க வைத்துக் கணினி மொழி கற்றுத் தருகிறது. கட்டணம் இல்லை.

3. ஜோஹோ கம்பெனி நடத்தும் பள்ளி. 12ஆம் வகுப்பு, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்துச் சேர்க்கிறது. கட்டணம் இல்லை. உதவித்தொகையும் தருகிறது.

4. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வேலை செய்துகொண்டே அஞ்சல் வழியில் பி.சி.ஏ. பட்டம் படிக்கலாம்.

வயது வரம்பு, தேர்வு நாள் ஆகியவற்றை அந்தந்த இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தானாகச் செய்த வேலைகளைச் சேர்த்து வைக்க வேண்டும். பட்டம் இல்லாதவருக்கு அவர் செய்த வேலையே சாட்சி.

மகள் இப்போது நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. தோடுகள் அக்காவின் காதில் இருக்கின்றன.

நினைவில் வையுங்கள்

"வேலை நிச்சயம்" என்று சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் பணம் கட்டாதீர்கள். அங்கே படித்து வேலைக்குப் போனவர்களை நேரில் பார்த்துப் பேசுங்கள்.

கணக்குப் போடுங்கள்

நாள் கூலி 500 ரூபாய். வேலை செய்தது 22 நாள். முன்பணம் 1,500 ரூபாய். கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு?

பேசுங்கள்

அக்கா பிழையைக் கண்டுபிடித்தது எப்படி? உங்கள் ஊரில் பட்டம் இல்லாமல் தொழில் கற்றவர் யார்? அவர் எப்படிக் கற்றார்?