அவுட் ஆகாமல் இருப்பதும் ஆட்டம்தான்
பேஸ்பால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உலகத் தொடர் முடிந்த மறுநாளே ரசிகர்களின் ஆட்டம் தொடங்கிவிடும். யாரை வாங்க வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும், முதலில் யாரை ஆட அனுப்ப வேண்டும் என்று, பிப்ரவரியில் பயிற்சி முகாம்கள் திறக்கும்வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் வாதம் ஓயாது. இந்த வாதங்களில் அன்பு நிறைய இருக்கிறது. ஆனால் பழைய நம்பிக்கைகள் சில, தவறான ஆட்டக்காரரைக் கொண்டாடவும் நல்ல ஆட்டக்காரரைத் தூற்றவும் வைக்கின்றன.

அவற்றைச் சரிபார்க்கும் முன் ஓர் அடிப்படைக் கணக்கு. கிரிக்கெட்டின் இருபது ஓவர் ஆட்டத்தில் 120 பந்துகள் தீர்ந்தால் இன்னிங்ஸ் முடிந்தது. பேஸ்பாலில் பந்துக்கும் நேரத்துக்கும் அப்படி வரம்பு இல்லை. ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட், மொத்தம் 27. அந்த 27 தீரும்வரை எத்தனை பேர் வேண்டுமானாலும் வந்து அடிக்கலாம். ஆகவே அணியின் கையிருப்பு அவுட்தான். அதை வீணாக்காதவரே அணிக்கு ரன் சேர்ப்பவர்.

நம்பிக்கை 1: பேட்டிங் சராசரி உயர்ந்தவரே சிறந்த பேட்டர்.

உண்மை: களத்தின் நான்கு முனைகளான பேஸ்களைச் சுற்றி வந்தால்தான் ஒரு ரன். பேட்டிங் சராசரி, அடித்துப் பேஸை எட்டியதை மட்டுமே எண்ணுகிறது. பேஸுக்குப் போக வேறு வழிகளும் உண்டு. ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே வரும் நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். இதுதான் வாக். பந்து உடலில் பட்டாலும் முதல் பேஸ் கிடைக்கும். இவை எதுவும் சராசரியில் ஏறாது. மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவது ஆன்-பேஸ் விகிதம். பேட்டர் பத்து முறை களமிறங்கினால் எத்தனை முறை அவுட் ஆகாமல் தப்புகிறார் என்பதை ஏறத்தாழ அது சொல்லிவிடும்.

இரண்டு பருவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். 2019-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸின் டிம் ஆண்டர்சன் 0.335 சராசரியுடன் அமெரிக்கன் லீகின் பேட்டிங் பட்டத்தை வென்றார். அந்த ஆண்டு முழுவதும் அவர் பெற்ற வாக் 15. ஆன்-பேஸ் விகிதம் 0.357. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023-இல், பிலடெல்பியா பில்லிஸின் கைல் ஷ்வார்பர் 0.197 சராசரியில் பருவத்தை முடித்தார். சராசரியை மட்டும் பார்த்தவர்கள் அவரைத் தூக்கச் சொன்னார்கள். ஆனால் அவர் 126 வாக் பெற்றிருந்தார், ஆன்-பேஸ் விகிதம் 0.343. சராசரியில் 138 புள்ளிகளாகத் தெரிந்த இடைவெளி, பேஸை எட்டுவதில் வெறும் 14 புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. போதாததற்கு ஷ்வார்பர் அந்த ஆண்டு 47 ஹோம் ரன் அடித்தார்.

இது கணினிக் காலத்தின் கண்டுபிடிப்பும் அல்ல. 1947-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஆலன் ராத் என்ற புள்ளியியலாளரை அதன் நிர்வாகி பிரான்ச் ரிக்கி வேலைக்கு எடுத்தார். ராத் செய்த கணக்குகளின் துணையோடு, பேஸை எட்டுவதே முக்கியம் என்று 1954-இல் ‘லைஃப்’ இதழில் ரிக்கி எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வாஷிங்டனின் எடி யோஸ்ட் 0.231 சராசரியோடு 151 வாக் பெற்று, 0.412 ஆன்-பேஸ் விகிதத்தை எட்டிக் காட்டினார். ஆனாலும் இந்த அளவுகோலை மேஜர் லீக் அதிகாரபூர்வமாக ஏற்றது 1984-இல்தான்.

நம்பிக்கை 2: வாக் என்பது பந்து வீசும் பிட்சரின் தவறு. அதில் பேட்டரின் திறமை எதுவும் இல்லை.

உண்மை: அது பிட்சரின் தவறு மட்டுமே என்றால் எல்லா பேட்டர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைப்பதில்லை. அதிகம் வாக் பெறுபவர்கள் ஆண்டுக்கு ஆண்டு அவர்களேதான். ஹுவான் சோட்டோ 2024-இல் நியூயார்க் யாங்கீஸுக்காக 129 வாக் பெற்றார். அடுத்த ஆண்டு அணி மாறி, மெட்ஸுக்காக 127 பெற்றார். மைதானம் மாறியும், சக பேட்டர்கள் மாறியும் எண்ணிக்கை ஏறக்குறைய மாறவில்லை. ஆண்டுதோறும் திரும்ப வருவதற்குப் பெயர் திறமை.

அது என்ன திறமை? பிட்சரின் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். வேகமான பந்து அதைக் கடக்க அரை நொடி கூட ஆகாது. அதற்குள் பந்து எங்கே வந்து விழும் என்று கணித்து, மட்டையை வீசுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும். கெட்ட பந்தை விடத் தெரிந்தவருக்கு நல்ல பந்து வந்தே தீரும், ஏனென்றால் பிட்சருக்கு வேறு வழி இருக்காது. டெட் வில்லியம்ஸ் 1941-இல் 0.406 சராசரி அடித்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு அவர் 147 வாக் பெற்றதை வெகு சிலரே சொல்கிறார்கள். அவருடைய வாழ்நாள் ஆன்-பேஸ் விகிதமான 0.482-ஐ இன்றுவரை மேஜர் லீக் வரலாற்றில் யாரும் தாண்டவில்லை.

அடிக்கு அஞ்சி வேண்டுமென்றே கொடுக்கப்படும் வாக்கும் உண்டு. 2004-இல் பேரி பாண்ட்ஸ் பெற்ற 232 வாக்குகளில் 120 அப்படிப்பட்டவை. அந்த ஆண்டு அவரது ஆன்-பேஸ் விகிதம் 0.609. எதிரணி தானாகவே முதல் பேஸைக் கொடுக்கிறது என்றால், அது அந்த பேட்டரின் ஆற்றலுக்குத் தரும் சான்று.

நம்பிக்கை 3: அப்படியானால் ஆன்-பேஸ் விகிதம் ஒன்றே போதும்.

உண்மை: பழைய நம்பிக்கையை விட்டவர்கள் பலர் இந்தப் புதிய நம்பிக்கையில் விழுகிறார்கள். ஆன்-பேஸ் விகிதம் வாக்கையும் ஹோம் ரன்னையும் ஒரே மதிப்பில் எண்ணுகிறது. ரன் கணக்கு அப்படி இல்லை. சராசரியாக ஒரு வாக் அணியின் எதிர்பார்ப்பில் சுமார் 0.3 ரன்னைக் கூட்டுகிறது, ஓர் ஒற்றை அடி 0.45-ஐ ஒட்டி, ஒரு ஹோம் ரன் சுமார் 1.4. இரண்டாம் பேஸில் ஆள் நிற்கும்போது ஒற்றை அடி விழுந்தால் அவர் ஓடி வந்துவிடலாம். வாக் கிடைத்தால் நின்ற இடத்திலேயே நிற்பார். எனவே பேஸை எட்டுவதையும் அடியின் வலிமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஷ்வார்பரின் 126 வாக்குகளுக்கு முழு மதிப்பு வந்தது அந்த 47 ஹோம் ரன்களோடு சேர்ந்தபோதுதான்.

நம்பிக்கை 4: வரிசையில் முதலில் ஆடுபவர் வேகமாக ஓடுபவராக இருக்க வேண்டும்.

உண்மை: முதலிடத்தில் ஆடுபவர்தான் பருவம் முழுவதும் அதிக முறை களமிறங்குகிறார். அந்த இடத்தை அடிக்கடி அவுட் ஆகிறவரிடம் கொடுத்தால், எவ்வளவு வேகம் இருந்தும் பயனில்லை. அடி எதுவும் இல்லாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பதைத் திருட்டு என்பார்கள், ஆனால் முதல் பேஸைத் திருட முடியாது.

முதலிட ஆட்டக்காரர்களில் ஒப்பற்றவரான ரிக்கி ஹென்டர்சனை வேகத்துக்காகவே புகழ்கிறோம். 1,406 பேஸ்களைத் திருடியவர் அவர். ஆனால் அவர் 2,190 வாக்குகளும் பெற்றார், வாழ்நாள் ஆன்-பேஸ் விகிதம் 0.401. அவர் எடுத்த 2,295 ரன்கள் இன்றும் சாதனை. பேஸை எட்டிய பிறகுதான் அவருடைய கால்களுக்கு வேலை வந்தது. திருட்டிலும் கணக்கு உண்டு: பத்து முயற்சியில் ஏழுக்குக் குறைவாக வென்றால், இழக்கும் அவுட்கள் கிடைக்கும் பேஸ்களின் பலனைத் தின்றுவிடும்.

ஓர் அவுட்டைக் கொடுத்து ஓட்டக்காரரை நகர்த்தும் தியாக பன்ட்டிலும் இதே கதை. அவுட் எதுவும் விழாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால், அந்த இன்னிங்ஸில் சராசரியாக 0.9 ரன் அளவுக்கு எதிர்பார்க்கலாம். ஓர் அவுட் விழுந்து இரண்டாம் பேஸில் ஆள் இருந்தால் எதிர்பார்ப்பு 0.7-ஐ ஒட்டி இறங்குகிறது. ஓட்டக்காரர் முன்னேறியும் அணி பின்னே போகிறது. கடைசி இன்னிங்ஸில் ஒரே ரன் போதும் என்ற நிலையில் பன்ட்டுக்கு இடமுண்டு. மூன்றாவது இன்னிங்ஸில் அது கொடை.

நம்பிக்கை 5: 2002-இல் ஓக்லாண்ட் அணி வென்றது வாக்குகளால்.

உண்மை: ‘மணிபால்’ நூலும் 2011-இல் வந்த திரைப்படமும் பரப்பிய கதை இது. கதையில் பாதி உண்மை. 2001-இல் 102 ஆட்டங்களை வென்ற ஓக்லாண்ட், அந்தக் குளிர்காலத்தில் மூவரை இழந்தது. ஜேசன் கியாம்பி ஏழு ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் ஒப்பந்தத்தில் யாங்கீஸுக்குப் போனார். ஜானி டேமன் பாஸ்டனுக்கும், ஜேசன் இஸ்ரிங்ஹாசன் செயின்ட் லூயிஸுக்கும் போனார்கள். பொது மேலாளர் பில்லி பீன், முழங்கை பழுதாகி கேட்சராக எறிய முடியாமல் போன ஸ்காட் ஹேட்டபெர்க்கைப் பத்து லட்சம் டாலருக்கும் குறைவாக எடுத்து முதல் பேஸில் நிறுத்தினார். டேமன் ஓக்லாண்டுக்கு ஆடிய ஆண்டில் அவரது ஆன்-பேஸ் விகிதம் 0.324. ஹேட்டபெர்க் 2002-இல் தந்தது 0.374. செப்டம்பர் 4 அன்று, 11-0 என்ற முன்னிலை 11-11 எனக் கரைந்த பின், ஹேட்டபெர்க்கின் ஹோம் ரன்தான் தொடர்ச்சியான இருபதாவது வெற்றியைத் தந்தது. அணி அந்த ஆண்டு 103 ஆட்டங்களை வென்றது.

கதை சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இது. 2001-இல் 884 ரன் எடுத்த அணி 2002-இல் 800 ரன்தான் எடுத்தது. கியாம்பியின் இழப்பு உண்மையாகவே வலித்தது. அணியைத் தாங்கியவர்கள் பேரி ஸீட்டோ, டிம் ஹட்சன், மார்க் மல்டர் என்ற மூன்று இளம் பிட்சர்கள். ஸீட்டோ அந்த ஆண்டு 23 வெற்றிகளோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அதே அணியின் மிகெல் தெஹாடாவுக்குப் போனது.

அப்படியென்றால் பீன் கண்டது என்ன? விலைப் பிழை. பேஸை எட்டும் திறமை ரன்னைத் தந்தது, ஆனால் சந்தை அதற்குச் சம்பளம் தரவில்லை. அதனால் அது மலிவாகக் கிடைத்தது. ஜான் ஹேக்ஸ், ரேமண்ட் சாவர் என்ற பொருளியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது. நூல் வெளிவந்த மறு ஆண்டான 2004-க்குள் அந்த மலிவு மறைந்துவிட்டதையும் காட்டியது. இன்று வாக் பெறுபவரை யாரும் சல்லி விலைக்கு வாங்க முடியாது. 2024 டிசம்பரில் சோட்டோ மெட்ஸுடன் செய்த ஒப்பந்தம் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர்.

நம்பிக்கை 6: குளிர்காலத்தில் பெரிய பெயரை வாங்கிய அணியே கோடையில் வெல்லும்.

உண்மை: அதே சோட்டோவைப் பாருங்கள். 2025-இல் அவர் 43 ஹோம் ரன்னும் 0.396 ஆன்-பேஸ் விகிதமும் தந்தார். கேட்டதைக் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும். மெட்ஸோ முந்தைய ஆண்டின் 89 வெற்றிகளிலிருந்து 83-க்கு இறங்கி, இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. ஜூன் நடுவரை சிறப்பாக ஆடிய அணி, பிட்சிங் சரிந்ததும் சரிந்தது. அவரை இழந்த யாங்கீஸ் 2024-இல் 94 ஆட்டங்களை வென்றது. 2025-இலும் 94. ஒருவருக்குக் கொடுக்கவிருந்த பணத்தைப் பல இடங்களில் பகிர்ந்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டது அந்த அணி.

டொரன்டோ புளூ ஜேஸ் இன்னும் நல்ல பாடம். அந்த நகரிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழர்களுக்கு உள்ளூர் அணி அதுதான். நட்சத்திர ஆட்டக்காரர் ஓட்டானியும் கிடைக்கவில்லை, சோட்டோவும் கிடைக்கவில்லை என்று இரண்டு குளிர்காலங்கள் ரசிகர்கள் நொந்தார்கள். 2024-இல் 74 வெற்றிகளோடு பிரிவில் கடைசி இடம். 2025-இல் 94 வெற்றிகள், மேஜர் லீகிலேயே உயர்ந்த ஆன்-பேஸ் விகிதம், உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், அதிலும் பதினொன்றாவது இன்னிங்ஸ் வரை போராட்டம். குளிர்காலத்தில் வாங்கிய பெரிய பேட்டரான ஆன்டனி சன்டான்டேர் காயத்தால் பெரும்பாலும் ஆடவே இல்லை. எழுச்சி, ஏற்கெனவே அணியில் இருந்தவர்களிடமிருந்து வந்தது. முந்தைய ஆண்டு 0.303 ஆன்-பேஸ் விகிதத்தோடு தடுமாறிய ஜார்ஜ் ஸ்ப்ரிங்கர், 35 வயதில் 0.399-க்கு உயர்ந்தார்.

பணம் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. ஓட்டானியை 70 கோடி டாலருக்கு எடுத்த லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ், 2024-இலும் 2025-இலும் கோப்பையை வென்றது. ஆனால் அந்த அணி அவரை ஏற்கெனவே ஆழமான ஒரு வரிசையில் சேர்த்தது. அதோடு, மேஜர் லீகில் ஆறு ஆண்டு சேவை முடித்தவருக்கே சந்தைக்கு வரும் உரிமை. பெரும்பாலானோர் அப்போது முப்பதை நெருங்கியிருப்பார்கள், உச்ச ஆண்டுகள் பழைய அணியில் கழிந்திருக்கும். பத்தொன்பது வயதிலேயே ஆட வந்ததால் 26 வயதில் சந்தைக்கு வந்த சோட்டோ அரிய விதிவிலக்கு.

ஆகவே அடுத்த குளிர்காலத்தில் ஒரு பெயர் அடிபடும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவர் அவுட் ஆகாமல் எத்தனை முறை தப்புகிறார், அடிக்கும்போது எவ்வளவு வலிமையாக அடிக்கிறார்? அவர் வந்தால் யாருடைய இடத்தில் ஆடுவார், போகிறவரைவிட எவ்வளவு மேல்? ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு என்ன வயது? இவற்றுக்கு விடை தெரிந்தவர், ஒற்றை எண்ணையோ பெரிய பெயரையோ காட்டி யாரும் மயக்க முடியாத ரசிகர். தலைப்புச் செய்தியில் இடம்பிடிக்காமல், பந்தை விட்டு விட்டு, பொறுமையாக முதல் பேஸுக்கு நடந்து போகிற ஆட்டக்காரருக்கு உரிய மதிப்பு அத்தகைய ரசிகர்களிடம்தான் கிடைக்கும். அந்த மதிப்பை நாம் தர வேண்டும்.