எப்போது எடுத்த அளவு?

அன்புள்ள நித்யா,

“கிளவுட் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறதே, பிறகு மானிட்டரிங்குக்கு எதற்கு இத்தனை செலவு?” என்று உன் மேலாளர் கேட்டதாகவும், உனக்கும் பதில் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். இந்தக் கேள்வி என் காதில் விழும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. மானிட்டரிங் என்றால் சுவரில் மாட்டிய டிவியில் ஓடும் வரைபடம் என்றே பலர் நினைக்கிறார்கள். அந்த அளவுகளை முதலில் படிப்பது மனிதர் இல்லை, மென்பொருள். அவை நின்றுபோனால் தானியங்கி கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்யும்.

தன்னைத்தானே நிர்வகிக்கும் கணினிகளைப் பற்றி 2003-இல் ஐபிஎம்மின் கெஃபார்ட்டும் செஸ்ஸும் எழுதிய கட்டுரையை நீ படித்தவள். கண்காணி, ஆராய், திட்டமிடு, செயல்படுத்து என்ற அந்த வட்டத்தைத் தூக்கத்திலும் வரைவாய். ஆனால் ஓர் அம்புக்குறியிலிருந்து அடுத்ததற்குப் போக எவ்வளவு நேரமாகிறது என்று யாராவது கேட்கிறார்களா? என் அனுபவத்தில் கோளாறு குடியிருப்பது அந்த இடைவெளியில்தான்.

குபெர்நெட்டிஸின் ஆட்டோஸ்கேலரையே எடுத்துக்கொள். 4 பாட்கள், அதாவது நிரலின் 4 பிரதிகள், ஓடுகின்றன. சிபியு இலக்கு 60 சதவீதம், இப்போதைய அளவு 90. நான்கை 90-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 6 பாட்கள். பள்ளிக்கூடக் கணக்கு. அதே அளவு 63 என்றால் அது எதுவும் செய்யாது, ஏனென்றால் பத்து சதவீத விலகலைப் பொறுத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். 15 வினாடிக்கு ஒருமுறை கணக்குப் போட்டாலும், பாட்களைக் குறைப்பதற்கு முன் கடந்த 5 நிமிடக் கணக்குகளைத் திரும்பிப் பார்க்கும். கூட்டுவதில் வேகம், குறைப்பதில் நிதானம். சும்மா இருக்க வேண்டிய நேரம் எது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி எனக்குப் பிடித்த உதாரணம். 2025 அக்டோபர் 20, இங்கே தீபாவளி மதியம். அமேசானின் வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் டைனமோடிபி தரவுத்தளத்தின் டிஎன்எஸ் பதிவு காலியாகிவிட்டது. லோடு பேலன்சர்களின் நலத்தைப் பார்த்து ஒரு மென்பொருள் திட்டம் போடும். மூன்று இடங்களில் ஓடும் செயலிகள் அதை அமல்படுத்தும். அன்று ஒரு செயலி வழக்கத்துக்கு மாறாகத் தாமதமானது. தன் கையிலுள்ள திட்டம் புதியதுதானா என்று தொடக்கத்தில் ஒரே ஒரு முறை சரிபார்த்திருந்தது. வேலை முடிவதற்குள் அந்தச் சரிபார்ப்பு பழசாகிவிட்டது. இதற்கிடையில் இன்னொரு செயலி புதிய திட்டத்தை அமல்படுத்திவிட்டுப் பழைய திட்டங்களைத் துப்புரவு செய்யத் தொடங்கியது. பின்தங்கிய செயலி பழைய திட்டத்தைப் புதியதன் மேல் எழுத, துப்புரவு அதையே அழித்தது. முகவரிகள் அத்தனையும் போயின. பிறகு தானியங்கியால் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியவில்லை. பொறியாளர்கள்தான் கைவைக்க வேண்டியிருந்தது.

கதை அதோடு முடியவில்லை. சில மணி நேரம் கழித்து, நெட்வொர்க் அமைப்பு முழுதாக வந்து சேராத புது சர்வர்களை ஹெல்த் செக் ‘நோயாளி’ என்றது, சற்று நேரத்தில் ‘நலம்’ என்றது, மறுபடி ‘நோயாளி’. நல்ல முனையங்களும் பட்டியலிலிருந்து வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருந்தன. கடைசியில் அந்தத் தானியங்கி மாற்றத்தையே பொறியாளர்கள் நிறுத்திவைத்தார்கள்.

இந்த ஊசலாட்டம் புதிதில்லை. நீராவி எஞ்சினின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றி மேக்ஸ்வெல் 1868-இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படி. சீராக்க வைத்த கருவியே எந்த நிலையில் அலைவைப் பெருக்கும் என்பதைச் சமன்பாடாக எழுதிக் காட்டியிருக்கிறார். கணினித் துறையில் பட்டம் பெறுபவர்கள் அதைத் தொடாமலே வெளியேறுவது எனக்கு ஆறாத வருத்தம். உன் பாடத்திட்டத்தில் அது இல்லை என்று சொல்லாதே, நூலகம் இருக்கிறது.

ஆகவே உன் மேலாளரிடம் டாஷ்போர்டைக் காட்டி வாதாடாதே. உங்கள் தானியங்கி ஒவ்வொரு முடிவையும் எத்தனை வினாடிப் பழைய அளவை வைத்து எடுக்கிறது என்று பதிவுசெய்து, அந்தக் கணக்கைக் காட்டு. செயல்படுத்தும் நொடியில் நிலைமையை மறுபடி ஒருமுறை சரிபார்க்கிறதா என்று பார். ஒரே நேரத்தில் எத்தனை முனையங்களை வெளியேற்றலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறதா? அளவுகள் வராமல் நின்றால் அது என்ன செய்யும்? கடைசிக் கேள்விக்கு உங்கள் குழுவில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு விவரமாக எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்