மலிவான குளிசை மட்டமான குளிசையா?

நம்பிக்கை: ஆசுப்பத்திரியில் சும்மா தரும் குளிசை வேலை செய்யாது, காசு கொடுத்துக் கொம்பனிக் குளிசை வாங்கினால்தான் வருத்தம் மாறும்.

உண்மை: சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக் கிளினிக்கில் கிடைத்த நீரிழிவுக் குளிசையான மெற்போமினை ஒதுக்கிவிட்டு, அதே மெற்போமினை வேறொரு பெயரில் பார்மசியில் வாங்குபவர், பெட்டியில் அச்சிட்ட பெயருக்கே காசு கொடுக்கிறார். நோயைத் தணிப்பது உள்ளேயிருக்கும் மூலப்பொருள். பனடோலிலும், இரத்மலானையில் அரச நிறுவனம் செய்யும் பரசிற்றமோலிலும் வேலை செய்வது ஒன்றே. இந்த எளிய உண்மையின் மேல்தான் இலங்கை மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைக் கட்டினார். மருந்துகளைக் கொம்பனிப் பெயரில் அல்லாமல் மூலப்பொருளின் பொதுப்பெயரில் கேட்டு, பல நாட்டு உற்பத்தியாளரையும் போட்டியிட வைத்து, நாட்டுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்குவது அவருடைய வழி. தனியார் சந்தையில் இருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. போட்டியாலும், ஒரே மருந்துக்குப் பல பெயர் வைத்து விற்கும் செலவு போனதாலும் விலை இறங்கியது. அதற்காகத் தரம் இறங்க வேண்டியதில்லை.

'அப்படியானால் 2023இல் தரமற்ற மருந்து ஆசுப்பத்திரிகளுக்குள் எப்படி வந்தது?' என்ற கேள்வி நியாயமானது. போலி ஆவணங்களோடு விநியோகிக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இமியூனோகுளோபுலின் என்ற ஊசிமருந்து விவகாரத்தில், முன்னாள் சுகாதார அமைச்சரே 2024இல் கைதானார். அங்கே பழுதானது பொதுப்பெயர்க் கொள்கையல்ல, மருந்துத் தட்டுப்பாட்டு அவசரத்தில் பதிவையும் பரிசோதனையையும் தளர்த்திய கொள்வனவு. விலை கூடிய மருந்தும் அந்த ஓட்டையால் நுழையும். வலிப்பு, தைரொயிட் போன்ற சில நோய்களுக்கு மட்டும் கொம்பனி மாறும்போது வைத்தியரின் கவனிப்பு வேண்டும், அது விதிவிலக்கு.

நம்பிக்கை: அரசு உச்சவிலை போட்டால் மருந்துச் செலவு அடங்கிவிடும்.

உண்மை: 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்சவிலை விதிக்கப்பட்டது, நோயாளிக்கு அது ஆறுதல்தான். ஆனால் பெரும்பாலான மருந்து வெளிநாட்டிலிருந்து வரும் நாட்டில், டொலர் ஏறினால் உச்சவிலையையும் ஏற்ற வேண்டிவரும். 2022 மார்ச்சில் 29 சதவீத உயர்வுக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. ஏற்றாமல் பிடித்தால் இறக்குமதியாளர் கொண்டுவருவதை நிறுத்துவார். விலை தாளில் குறைவாக இருக்கும், மருந்து இராது. ஆகவே உச்சவிலை வேலி மட்டுமே. செலவை அடக்குவது, தேவையை முன்கூட்டிக் கணித்து, பொதுப்பெயரில் வாங்கி, ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கும் ஒழுங்கு. அந்த ஒழுங்கு குலைந்தால், கிளினிக்கில் மருந்துக்குப் பதில் 'வெளியில் வாங்குங்கோ' என்ற துண்டுதான் கைக்கு வரும். அரசு குறைத்ததாகச் சொல்லும் செலவு நோயாளியின் மடியில் ஏறும்.