நடையெல்லைக்குள் ஒரு நகர்

வீடும் கடையும் பட்டறையும் பள்ளியும் மருத்துவச்சாலையும் ஒன்றற்கொன்று அணித்தாய், காலால் நடந்து எய்தும் எல்லைக்குள் அமைதல் வேண்டும் என்பது நகரமைப்புக் கலைஞர் இக்காலத்தே பெரிதும் வற்புறுத்தும் கொள்கையாகும். இக்கொள்கை மேனாட்டில் வளர்ந்த வரலாற்றைச் சுருங்க நோக்கிப் பின்னர், அது நம் திண்டுக்கல்லுக்கு எங்ஙனம் பொருந்துகின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஆங்கில நாட்டு எபினேசர் ஹோவர்டு 1898இல் வெளியிட்ட தம் நூலில், 32,000 மக்கள் வாழ்தற்கேற்ற தோட்ட நகரத்தை வகுத்து, தொழிற்சாலைகளை அதன் ஓரத்தே வளையமாக நிறுத்தினார். அமெரிக்கராகிய கிளாரன்ஸ் பெர்ரி 1929இல், தொடக்கப் பள்ளியை நடுவே வைத்து, அதனின்று கால் மைல் தொலைவுக்குள் வீடுகள் அமைதல் வேண்டும் என்றார். குழந்தை பெருஞ்சாலையைக் கடவாமல் பள்ளி சேர்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையாரோ புதுநகர் எதனையும் வரையவில்லை. நெருங்கிய பழந்தெருக்களையே நோக்கி, பல தொழிலும் பழையனவும் புதியனவுமாகிய கட்டடங்களும் கலந்திருத்தலே தெருவுக்கு உயிரும் காவலும் ஆம் என்று வாதிட்டார்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி முற்றும் புதிதன்று. சிலப்பதிகாரப் புகார், தொழிலாளரும் யவனரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கம் என்றும், அரசவீதியும் வணிகர் மாளிகையும் விளங்கிய பட்டினப்பாக்கம் என்றும் இரண்டாய்ப் பிரிந்து நின்றது. எனினும், இரண்டற்கும் இடையே நாளங்காடி இருந்தது. பிரித்து வைத்த ஊரும் கூடுதற்கு ஓரிடம் வேண்டிற்று என்பதை நாம் கருதுதல் தகும்.

இனித் திண்டுக்கல்லைக் காண்பாம். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நகராட்சி எல்லைக்குள் 2,07,327 பேர் வாழ்ந்தனர். பரப்போ ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டரே. இப்பரப்பை ஒரு வட்டமாக எண்ணிக்கொண்டால், நடுவினின்று விளிம்புவரை இரண்டு கிலோமீட்டருக்குச் சிறிதே மிகும். அரைமணி நேர நடை! மேனாட்டார் நூலெழுதி வேண்டுவதை, மலைக்கோட்டையின் அடியிலே வளர்ந்த இவ்வூர் எவரும் வரைந்து தராமலே பெற்றிருந்தது.

இவ்வணிமையின் பயனைப் பூட்டுத் தொழிலில் தெளிவாகக் காணலாம். நாகல் நகர், நல்லாம்பட்டி முதலிய இடங்களில் வீட்டின் முன்கட்டே பட்டறை. இரும்பையும் பித்தளையையும் வெட்டி, அரத்தால் அராவி, ஒவ்வொரு திறவுகோலையும் தன் பூட்டுக்கே பொருந்துமாறு கையால் இழைக்கின்றனர். இங்ஙனம் கையால் முடியும் தொழிலுக்கு, ஒருவர் வேலையை மற்றொருவர் எட்டிப் பார்க்கும் தெருவே பள்ளிக்கூடம். மாங்காய்ப் பூட்டின் நுட்பத்தை மைந்தன் தந்தையின் அருகிருந்தே கற்றான். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். பெயருக்குரிய தெருவைக் காக்க அதனால் இயலாது. வீட்டை ஓரிடத்தும் தொழிலை வேறோரிடத்தும் வைத்து, 'இது குடியிருப்பு, இது தொழிற்பகுதி' என்று நிலப்படத்தில் நிறம் தீட்டிப் பிரிப்பது எளிது. அங்ஙனம் பிரித்தால், பேருந்துக்குக் காசு கொடுத்துப் பட்டறைக்குச் செல்லும் நிலை பூட்டுத் தொழிலாளிக்கு நேரும். அவர் வருவாய் அதனைத் தாங்குமா?

ஆயினும், கலப்பு யாவும் நன்று என்று கூறுவார் திண்டுக்கல்லின் சமவெளியைச் சிறிது சுற்றி வருவாராக. தோல் பதனிடும் தொழிலும் இவ்வூருக்குப் பழையதே. வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அளித்த தீர்ப்பில் ஒரு கணக்குக் காணப்படுகின்றது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சார்ந்த 13 சிற்றூர்களில் குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட கிணறுகள் 467. அவற்றுள் 350 கெட்டுப்போயின என்பதே அக்கணக்கு. நான்கில் மூன்று! நிறந்தீட்டிப் பிரிப்பார் அஞ்சுவது வீணன்று. எனினும், அரத்தின் ஒலியையும் தோலூறும் கழிநீரையும் தொழில் என்னும் ஒரே பெயரால் கட்டுதல் முறையாகாது. ஒன்று அண்டை வீட்டாரின் பகலுறக்கத்தைக் கெடுக்கும். மற்றொன்று மூன்று கல் தொலைவிலுள்ளார் குடிக்கும் நீரைக் கெடுக்கும்.

நாம் பழமையைப் போற்றுங்கால் மறைக்கும் வழக்கமுடைய பிறிதொன்றும் உண்டு. அணித்தாய் அமைந்த பழந்தெருக்களில் எல்லாரும் நடந்தனரா? ஊரும் சேரியும் கூப்பிடு தொலைவிலே இருந்தன. வழிமட்டும் எல்லார்க்கும் இல்லை. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1924இல் வைக்கத்தில் அறப்போர் நிகழ்ந்தது. (தேவாலயத்துள்ளும் சாதிக்கு ஓரிடம் பிரித்த வரலாறு கிறிஸ்தவராகிய நமக்கும் உண்டு.) பெர்ரியின் கால் மைலும் ஹோவர்டின் வளையமும் இந்நோய்க்கு மருந்து கூறவில்லை.

எதனைக் காப்பது, எதனை நீக்குவது என்று தேரும் முறையை நம் நாட்டிலேயே செய்து காட்டியவர் ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ். சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பால் 1914இல் வந்த அவர், மதுரை, தஞ்சை முதலிய நகரங்களை ஆய்ந்து அறிக்கை வரைந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நேர்தெருக்கள் வெட்டப் பொறியாளர் இட்ட திட்டத்துக்கு 30,000 ரூபாய் வேண்டியிருந்தது. கெடிஸோ சந்து சந்தாய் நடந்து, இடிந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, இருந்த சந்துகளையே சிறிது அகலமாக்கி, வெற்றிடங்களைத் திறந்தவெளியாக்கினால் 5,000 ரூபாயில் முடியும் என்று காட்டினார். உடலைக் காத்துச் செய்யும் அறுவை மருத்துவம் என்னும் கருத்தமைந்த பெயரை இம்முறைக்கு அவர் இட்டார்.

இத்தகைய சந்துக் கணக்கு ஒன்று திண்டுக்கல்லுக்கு வேண்டும். எவ்வீட்டில் உலை எரிகின்றது, எக்கிணறு உவர்க்கின்றது, எத்தெருவில் முதியோர் நடக்க அஞ்சுகின்றனர், எவர் வீட்டுக்கு இன்னும் நேர்வழி இல்லை என்பவற்றை ஒவ்வொன்றாய்க் குறித்தல் வேண்டும். நான்குவழிச் சாலையை நோக்கி மனைப்பிரிவுகள் விரிந்து செல்லும் இந்நாளில், அப்பணியைப் பூட்டுத் தெருக்களிலிருந்து தொடங்குதல் நன்று. அங்கே கைத்தொழிலாளர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். உலை இருந்த இடத்தைக் காட்டுவார் இன்னும் உளர்.