சர்க்கரை இறங்கிவிட்டால்...?

விடியற்காலை ஐந்து மணி. வழக்கமாக எல்லோருக்கும் முன்னால் எழுந்து பால் காய்ச்சிவிடும் மாமியார் இன்னும் படுக்கையிலேயே இருக்கிறார். மருமகள் போய்த் தொட்டுப் பார்க்கிறாள். தலையணை, ரவிக்கை எல்லாம் தொப்பலாக நனைந்திருக்கிறது. உடம்பு ஜில்லென்று இருக்கிறது. ''அத்தை, என்ன பண்ணுது?'' என்று கேட்டால், ''ரயில் வந்துடுச்சா?'' என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார். வீடே கூடிவிடுகிறது. ''பக்கவாதமா இருக்குமோ?'' என்கிறார் ஒருவர். ''தூக்கக் கலக்கம், கொஞ்ச நேரம் விடுங்க'' என்கிறார் இன்னொருவர்.

இப்படி ஒரு காலைப்பொழுது உங்கள் வீட்டில் விடிந்தால் என்ன செய்வீர்கள்?

இன்னும் மூன்று விவரங்களைச் சொல்லி விடுகிறேன். அத்தைக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. முந்தைய நாள் சஷ்டி விரதம், ராத்திரி ஒரு டம்ளர் பாலோடு சரி. ஆனால் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார்!

இப்போது புரிந்திருக்குமே. இது 'லோ ஷுகர்'. டாக்டர்கள் பாஷையில் ஹைப்போகிளைசீமியா.

நம் வீடுகளில் சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான் பயம். 250 என்று ரிப்போர்ட் வந்தால் அன்று முழுக்க அதே பேச்சு. இறங்குவதைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. உண்மையில் ஏறின சர்க்கரை பெரும்பாலும் வருஷக்கணக்கில் மெதுவாகக் கெடுக்கும். இறங்கின சர்க்கரையோ சில நிமிஷங்களில் ஆளையே சாய்த்துவிடும். காரணம் மூளை. உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அந்தச் சக்திக்கு அது நம்பியிருப்பது ரத்தத்தில் வரும் குளுக்கோஸைத்தான். பின்னால் உதவும் என்று சேமித்து வைக்கிற சாமர்த்தியமும் அதற்குக் கிடையாது.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உஷாராக வேண்டும். 54-க்குக் கீழே என்றால் ஆபத்து.

முதலில் உடம்பு மணி அடிக்கும். கை நடுக்கம், படபடப்பு, குப்பென்று வியர்வை, அகோரப் பசி. அதையும் கவனிக்காமல் விட்டால் மூளை தடுமாற ஆரம்பிக்கும். பேச்சு குழறும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், சம்பந்தமில்லாத கோபம் வரும். சாதுவான மனுஷர் தட்டைத் தூக்கி எறிவார். தள்ளாடி நடப்பதைப் பார்த்து, 'தண்ணி' போட்டிருக்கிறார் என்று தெருவில் நினைத்துக்கொள்வார்கள். சிலருக்கு ஒரு பக்கக் கை கால் கூட விளங்காமல் போய், அச்சு அசலாகப் பக்கவாதம் மாதிரியே இருக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் இப்படி ஒருவரைக் கொண்டுவந்தால் முதல் வேலையாக விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள்.

எல்லோருக்கும் மணி அடிக்கும் என்றும் சொல்ல முடியாது. வியாதி பழசாகிவிட்டவர்கள், அடிக்கடி லோ ஷுகர் வந்து பழகிப் போனவர்கள், இவர்களுக்கு முன்னறிவிப்பே இருக்காது. ரத்தக்கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் (அட்டெனலால், ப்ரொப்ரனலால் போன்றவை) நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். ஆனால் வியர்வையை மறைக்காது. மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கும் சர்க்கரைக்காரருக்குக் காரணமில்லாமல் வியர்த்தால் சும்மா விடாதீர்கள்.

சரி, என்ன செய்யணும்?

ஆள் விழிப்பாக இருந்து, விழுங்கவும் முடிந்தால், உடனே இனிப்பு. மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சுமார் 15 கிராம் கணக்கு. பக்கத்திலேயே குளுக்கோமீட்டர் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். பேட்டரி தீர்ந்துவிட்டது, ஸ்ட்ரிப் எங்கே வைத்தோம் என்று அலமாரியைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம். ''ஒருவேளை ஷுகர் ஏறியிருந்தால்?'' என்று கேட்பீர்கள். ஏறியிருக்கும் சர்க்கரையில் மூன்று ஸ்பூன் கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இறங்கியிருக்கும்போது கொடுக்காமல் விட்டால்தான் ஆபத்து.

மீட்டரில் பார்ப்பதானால் விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால், உள்ளே 55 இருந்தாலும் மீட்டர் 180 என்று காட்டக்கூடும்!

பதினைந்து நிமிஷம் பொறுங்கள். மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால், அல்லது ஆள் தெளியவில்லை என்றால், அதே அளவு இன்னொரு தடவை. தெளிந்த பிறகு இரண்டு இட்லியோ, பிஸ்கட்டும் பாலுமோ கட்டாயம் சாப்பிடணும். குடித்த சர்க்கரைத் தண்ணீர் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாக்குப்பிடிக்கும்.

இந்த இடத்தில் நம்மவர்கள் செய்யும் தப்புகள் வேடிக்கையானவை, ஆனால் விபரீதமானவை. சர்க்கரைக்காரர் வீடாயிற்றே என்று அவசரத்திலும் 'ஷுகர் ஃப்ரீ' மாத்திரையைப் போட்டுக் காபி கலந்து கொடுப்பார்கள். அதில் இனிப்பு நாக்குக்கு மட்டும்தான், ரத்தத்துக்கு ஒன்றும் போகாது. டயட் கோலாவும் அதே கதை. சாக்லெட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் சேரத் தாமதமாகும். இன்னொன்று, அக்கார்போஸ் அல்லது வோக்லிபோஸ் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் செரிமானம் ஆகாது. அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் சரி. மாத்திரை அட்டையை இப்போதே எடுத்து ஒரு தடவை படித்து வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆள் நினைவிழந்துவிட்டால்? அப்போது சட்டமே மாறிவிடுகிறது. வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். காபி வேண்டாம், தேன் வேண்டாம், ஒரு வாய்த் தண்ணீர் கூட வேண்டாம். விழுங்கத் தெரியாத நிலையில் ஊற்றுவது மூச்சுக்குழாயில் போய், லோ ஷுகரில் பிழைத்திருக்க வேண்டியவர் மூச்சுத்திணறிப் போய்விடுவார். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கோழையோ, கழன்ற பல்செட்டோ வெளியே தெரிந்தால் எடுத்துவிடுங்கள். 108-க்குப் போன் செய்து, 'சர்க்கரை நோயாளி, நினைவில்லை' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பல்லிடுக்கில் ஸ்பூனை நுழைப்பதும் வேண்டாம். அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். குளுக்ககான் என்ற ஊசியை டாக்டர் எழுதிக் கொடுத்து, போடவும் பழக்கியிருந்தால், போடவேண்டிய நேரம் இதுதான். இன்சுலின் ஊசி அல்ல! பதற்றத்தில் 'ஷுகர் மயக்கம்' என்று இன்சுலினைப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலும் சில நிமிஷங்களில் கண் விழித்துவிடுவார்கள். அதுவரை அழுதுகொண்டிருந்த குடும்பம், ''அப்ப வீட்டுக்குப் போகலாமா, டாக்டர்?'' என்று கேட்கும். இங்கேதான் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. கிளைபென்கிளமைடு, கிளைமிபிரைடு வகை மாத்திரைகளின் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடாது. கணையத்தைத் தட்டித் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வயதானவருக்கு, அதிலும் சிறுநீரகம் பலவீனமாக இருப்பவருக்கு, ஒரு நாள், சமயத்தில் இரண்டு நாள் கூட இது நீடிக்கும். விழித்துப் பேசினவர் சாயங்காலம் மறுபடி மயங்குவது இப்படித்தான். டாக்டர் 'இருங்கள்' என்றால் பில்லுக்காகச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம். மேலே சொன்ன மாத்திரைகளும் இன்சுலினும்தான் முக்கியக் காரணம்.

அத்தை விழித்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஏன் இறங்கியது என்று பார்க்காமல் மறுநாள் அதே மாத்திரையைக் கையில் கொடுத்தால் கதை திரும்ப ஆரம்பிக்கும். விரதம் ஒரு காரணம், சரி. ஏகாதசியோ, ரம்ஜான் நோன்போ, எதுவானாலும் இருக்கப்போவதற்கு முன்பே டாக்டரிடம் மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுவிட வேண்டும். வேறு காரணங்களும் உண்டு. திவசத்தன்று சாப்பாடு மதியம் இரண்டு மணிக்குத்தான்; மாத்திரை மட்டும் எட்டு மணிக்கே உள்ளே போயிருக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க லேபுக்குப் போகிறவர், வழக்கம்போல வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்திருப்பார். சாப்பிடாமல் மது அருந்தினால், கல்லீரல் அவசரத்துக்குத் தயாரித்துக் கொடுக்கும் சர்க்கரையும் நின்றுவிடும். சிலருக்கு ஷுகர் தானாகவே குறைந்துகொண்டு வரும். ''எனக்கு வியாதியே போயிடுச்சு'' என்று சந்தோஷப்படுவார்கள். சிறுநீரகம் கெட்டுப்போனால் மருந்து வெளியேறாமல் உடம்பிலேயே தங்கி இப்படி ஆவதுண்டு. கிரியாட்டினின் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

கடைசியாக, ஊசிக் கணக்கு. நம் ஊரில் சாதாரணமாக விற்கும் இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்ச் யு-40, சிவப்பு மூடி. பேனாவில் போடும் மருந்தும், அமெரிக்காவிலிருந்து பிள்ளை வாங்கிவரும் குப்பியும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு யு-100 சிரிஞ்ச், ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை யு-40 சிரிஞ்சில் '20' என்று கோடு பார்த்து ஏற்றினால், உடம்புக்குள் போவது 50 யூனிட்! புதுக் குப்பியோ, புதுச் சிரிஞ்சோ வாங்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டிலும் எழுதியிருக்கும் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்கு நீங்களே பார்த்துக் கொடுங்கள்.

ஒரு குளுக்கோஸ் பாக்கெட் சமையலறையில், ஒன்று படுக்கைப் பக்கத்தில், ஒன்று கைப்பையில் இருக்கட்டும். வெளியே போகும்போது சட்டைப் பையில் ஒரு சீட்டு: 'எனக்குச் சர்க்கரை நோய். மயங்கினால் 108-ஐ அழைக்கவும்' என்று எழுதி, கீழே சாப்பிடும் மருந்தின் பெயரும் வீட்டுப் போன் நம்பரும். பேரனுக்கு எழுதத் தெரியும் அல்லவா, இன்றைக்கே எழுதச் சொல்லுங்கள்.